தெருமுனை டாக்டரா, பெரிய மெடிக்கல் சென்டரா?

தம்பி, லண்டன் கிராய்டனுக்கு வந்து பெட்டிகூடப் பிரிக்காத நிலையில் கேட்டிருக்கிறீர்கள்: தெருமுனையில் ஒரே டாக்டர் நடத்தும் சின்ன ஜி.பி. சர்ஜரியில் (ஜி.பி. என்றால் குடும்ப டாக்டர்; சர்ஜரி என்றால் இங்கே அவருடைய கிளினிக், ஆபரேஷன் அல்ல) குடும்பத்தைப் பதிவு செய்வதா, பஸ் பிடித்துப் போகிற பெரிய மெடிக்கல் சென்டரிலா, தரத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்று. கூடவே கார் இன்சூரன்ஸ், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். அதற்கெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. நான் டாக்டர் விஷயத்தை மட்டும் பேசுகிறேன்.

எங்கே என்று பார்த்துத் தள்ளிப்போடாமல் பதிவு செய்துவிடுங்கள். கவுண்டரில் பாஸ்போர்ட் எங்கே, வாடகை ஒப்பந்தம் எங்கே என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் ஜி.பி.யிடம் சேர அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ விசா விவரமோ கட்டாயமில்லை. அவை இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஒப்பந்தம் என் பெயரில் இல்லையாம்! மனைவி அப்போது நிறைமாதம். நீங்கள் விசாவோடு தலைக்கு வருஷம் 1,035 பவுண்டு, பிள்ளைக்கு 776 பவுண்டு என்று அரசு மருத்துவத்துக்கான ஹெல்த் சர்சார்ஜ் கட்டிவிட்டுத்தானே வந்திருக்கிறீர்கள்? கூச்சமே வேண்டாம்.

சி.க்யூ.சி. என்ற கண்காணிப்பு அமைப்பு ஒவ்வொரு சர்ஜரிக்கும் ரேட்டிங் கொடுக்கிறது. அதைச் சர்ஜரியிலேயே ஒட்டி வைக்க வேண்டும். பெரும்பாலான சர்ஜரிகள் 'குட்' என்றுதான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. சோதனை நடந்த தேதியைப் பாருங்கள், சில சோதனைகள் வருஷக்கணக்கில் பழசு. ரேட்டிங் குறைவாக இருந்தால் அறிக்கையைத் திறந்து காரணத்தைப் படியுங்கள். தடுப்பூசி ஃபிரிட்ஜின் வெப்பநிலையைச் சில நாள் எழுதி வைக்காமல் விட்டது ஒரு ரகம். மெத்தோட்ரெக்ஸேட், லித்தியம் மாதிரி, ரத்தத்தைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்யாமலே மாத்திரை எழுதிக்கொண்டிருந்தது வேறு ரகம். இரண்டாவதைக் கண்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வருஷா வருஷம் நோயாளிகளிடம் எடுக்கும் ஜி.பி. பேஷண்ட் சர்வேயில் சர்ஜரி வாரியாகப் பார்க்கலாம். போன் எடுக்கிறார்களா, விரும்பிய டாக்டரையே பார்க்க முடிகிறதா என்ற இரண்டு கேள்விகள் எனக்குப் போதும்.

நம்மவர்கள் தரம் பார்க்கும் விதம் இருக்கிறதே, அது தனிக் கூத்து. "பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிட்டான்" என்று புலம்பாத வீடு கிடையாது. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எழுதித் தராத டாக்டர் மோசமான டாக்டர், ஊரிலிருந்து சூட்கேஸில் அஸித்ரோமைசின் அட்டை அடுக்கிக்கொண்டு வருகிறவர் புத்திசாலி! தமிழ் பேசும் டாக்டர் வேண்டும் என்று ஊரின் அந்தக் கோடிக்குப் போகிறவர்களும் உண்டு. அம்மாவுக்காகத்தான் என்றால், மொழிபெயர்ப்பாளரை இலவசமாகவே கேட்கலாம். கேட்டவுடன் ஏற்பாடு செய்கிறார்களா, "உங்க பொண்ணு சொல்லட்டுமே" என்கிறார்களா என்பதிலேயே சர்ஜரியின் லட்சணம் தெரிந்துவிடும்.

நான் பார்ப்பது, நாம் வெளியே வந்தபிறகு என்ன நடக்கிறது என்பதை. ரத்தப் பரிசோதனை முடிவு வந்தால் யார் பார்க்கிறார்கள்? ஆஸ்பத்திரிக் கடிதத்தில் மாத்திரை அளவு மாறியிருந்தால் அடுத்த பிரிஸ்கிரிப்ஷனில் அது மாறுகிறதா? என் மனைவியின் தைராய்டு முடிவு, 'டாக்டர் பேச வேண்டும்' என்ற குறிப்போடு ஒரு பெரிய சர்ஜரியின் கணினியில் மாதக்கணக்கில் கிடந்தது. "நாங்க கூப்பிடலைன்னா எல்லாம் சரின்னு அர்த்தம்" என்று ரிசப்ஷனில் சொல்லியிருந்தார்கள். இந்த வாக்கியத்தை மட்டும் நம்பாதீர்கள். என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் ஆப்பில் முடிவைத் திறந்து பாருங்கள், குறிப்பு இருந்தால் நீங்களே கூப்பிடுங்கள்.

இந்த விஷயத்தில் சின்ன சர்ஜரிக்கு ஒரு வசதி உண்டு. கடிதம் படிப்பவரும் உங்களைப் பார்ப்பவரும் ஒரே ஆள். ஒரே டாக்டரிடம் நீண்டகாலம் போகிறவர்கள் ஆஸ்பத்திரியில் அவசரமாகச் சேர்வது குறைவு என்று நார்வேயில் 2021-ல் வந்த பெரிய ஆய்வு சொல்கிறது. ஆனால் தட்டிக் கேட்கப் பக்கத்தில் இன்னொரு டாக்டர் இல்லை என்பதும் உண்மை. மான்செஸ்டர் பக்கத்து ஹைட் ஊரில் தனியாகச் சர்ஜரி நடத்திய ஹெரால்ட் ஷிப்மன் தன் நோயாளிகளைக் கொன்றதற்காக 2000-ல் தண்டனை பெற்றபிறகு, தனி டாக்டர் என்றாலே ஒரு சந்தேகக் கண். பாவம், அப்படித் தனியாக நடத்தியவர்களில் பலர் 1960களிலும் 70களிலும் நம் பக்கமிருந்து வந்து, வெள்ளைக்கார டாக்டர்கள் போகத் தயங்கிய சுரங்க ஊர்களிலும் ஏழைப் பேட்டைகளிலும் உட்கார்ந்தவர்கள்.

எங்களைக் கடைசியில் சேர்த்துக்கொண்டவரும் அப்படி ஒருவர்தான், பஞ்சாபி. வரிசை வீடு ஒன்றின் முன்னறைதான் சர்ஜரி. கணினியைப் பார்த்துப் பேச மாட்டார். சளிக்குப் போனாலும் எடை மெஷினில் ஏற்றிவிடுவார். "வெள்ளைக்காரனுக்கு பி.எம்.ஐ. 25, உனக்கு 23 தாண்டினாலே எனக்குக் கவலை" என்பார். பி.எம்.ஐ. என்றால் உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் கணக்கு. தெற்காசியர்களுக்குச் சர்க்கரை நோய் சீக்கிரம் வருகிறது என்பதால் இங்கே அளவுகோலே அப்படித்தான். பிறந்த பிள்ளையின் மஞ்சள் காமாலையை வாசலில் வைத்தே கண்டுபிடித்தவர் அவர்.

அவர் ஓய்வு பெற்றதும் எங்கள் ஃபைல்களெல்லாம் ஒரு பெரிய சென்டரோடு சேர்ந்துபோயின. தைராய்டு கதை அங்கேதான். இப்போது ஆன்லைனில் கோரிக்கை போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறேன், பழகிவிட்டது. அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காலை எட்டு மணிக்குப் போனோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இன்னமும் புலம்புகிறார்கள். 2025 அக்டோபரிலிருந்து காலை எட்டு முதல் மாலை ஆறரை வரை ஆன்லைன் வசதியைத் திறந்து வைக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது.

உங்கள் தெருமுனை டாக்டரிடம் வயதைக் கேட்க முடியாது. அவர் லீவு போட்டால் யார் பார்ப்பார்கள், கூட இன்னொரு டாக்டர் சேரப் போகிறாரா, பெண் நர்ஸ் எந்தெந்த நாள் வருவார் என்று ரிசப்ஷனில் விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.