வண்டி வேடிக்கைக்கு வரும் ஜனம் ஹாலுக்கு ஏன் வருவதில்லை?

அண்ணா, நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். பாப்பா பி.காம். கடைசி வருஷம், பேங்க் பரீட்சைக்குப் படிப்பாள் என்று இருந்தால் கலை நிகழ்ச்சிக்கு ஆள் வரவைக்கிற வேலைக்குப் போகிறேன் என்கிறாள், அதற்கு லண்டனில் எம்.ஏ. இருக்கிறதாம், ஏஜென்ட் ஒருவர் வீட்டுப் பத்திரத்தோடு வரச் சொல்லிவிட்டார், தறி ஓட்டி வளர்த்த பிள்ளை கட்சிக் கூட்டத்துக்கு லாரியில் ஆள் ஏற்றுகிற மாதிரி அலையப் போகிறதா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கடைசி வரிக்குச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள்.

அவள் சொல்வது நிஜமான வேலைதான். ஆடியன்ஸ் டெவலப்மென்ட் என்பார்கள். நாடகமோ கச்சேரியோ ஓவியக் கண்காட்சியோ, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி ஆட்களே வந்து உட்கார்கிறார்கள் என்றால், மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று அவர்களிடமே போய்க் கேட்டு, அதற்குத் தகுந்தபடி இடத்தை, நேரத்தை, மொழியை, சில சமயம் நிகழ்ச்சியையே மாற்ற வைக்கிறவருடைய வேலை. இங்கிலாந்தின் கலை மன்றம் இதற்கென்றே 1998 முதல் 2003 வரை ஒரு திட்டம் போட்டு 2 கோடி பவுண்டு செலவழித்தது. ஆக, பாப்பா கனவில் கண்டு சொல்லவில்லை.

ஆனால் லண்டன் இப்போது வேண்டாம் என்பதுதான் என் கருத்து. காரணம் பணம் மட்டும் இல்லை.

நம் சேலம் குகைப் பகுதியில் ஆடி மாதம் சாமி வேஷக்காரர்களை வண்டியில் ஏற்றி ஊர்வலம் விடுகிற வண்டி வேடிக்கை நடக்கிறதே, அங்கே யார் வருவதில்லை? சாமி வேஷம் போட்டு வண்டியில் நிற்பவனும் நம் ஆள், கீழே நின்று பார்ப்பவனும் நம் ஆள். உங்கள் வீட்டில் கன்னடம், எதிர்வரிசையில் சௌராஷ்டிரம், அடுத்த சந்தில் தெலுங்கு, கோட்டைப் பக்கம் உருது, கொலுசுப் பட்டறையில் இந்தி பேசும் பையன்கள். இத்தனை பேச்சும் ஒரே ஊரில் இருக்கிறது. இதே ஜனம் நாலு தெரு தள்ளி ஒரு ஹாலில் நாடகம் போட்டால் ஏன் வருவதில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடக் கடல் தாண்ட வேண்டாம்.

நானே ஒரு தடவை சூடுபட்டிருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் நண்பர்கள் சேர்ந்து ஒரு கல்லூரி ஹாலில் பரதநாட்டியம் வைத்தோம். அனுமதி இலவசம், தறிக்காரத் தெருக்களில் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தோம். முன்வரிசை நிறைந்தது, நோட்டீஸ் போன தெருக்களிலிருந்து ஒருவர்கூட இல்லை. அப்புறம் போய் விசாரித்தால், நாங்கள் வைத்தது சனிக்கிழமை சாயங்காலம், வாரக் கூலி வாங்கிக் கடை கண்ணிக்குப் போகிற நேரம். ஒரு அம்மா வந்திருக்கிறார், கேட்டில் வாட்ச்மேன் "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டதும் திரும்பிவிட்டார். இலவசம் என்று போட்டால் போதும் என நினைத்திருந்தோம். அவருக்குக் காசு பிரச்சினையே இல்லை, அந்தக் கேள்விதான். ஏற்காட்டில் இன்னொரு ரகம்: மேடையில் நன்றியுரை முடிவதற்குள் மலைக் கிராமத்துக்குப் போகிற கடைசி பஸ் போய்விட்டால், எஸ்டேட்டில் வேலை செய்பவர் யாரை நம்பி உட்காருவார்?

சென்னையில் 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா ஆரம்பித்தபோது கர்நாடக இசையே மீனவர் குப்பத்துக்குப் போனது. கச்சேரிக்காரர்கள் குப்பத்துக்கு வந்தார்கள், சபாவில் மட்டும் கேட்டுப் பழகியவர்களும் அங்கே வந்து பறை கேட்டார்கள். இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம் என்பேன். நம் தெருக்காரர்களை வேன் வைத்துக் கூட்டிப்போய், டிபன் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் அது நீங்கள் சொன்ன லாரி கதைதான். மேச்சேரிப் பக்கம் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்துக்குச் சபா ரசிகர்களும் பாயோடு போகவேண்டும்.

படிப்பு விஷயம். பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறை இருக்கிறது, நாடகத்தில் முதுகலை படிக்கலாம். கர்நாடகாவில் ஹெக்கோடு என்ற சின்ன ஊரில் 1949இல் தொடங்கிய நீநாசம் என்ற நாடக அமைப்பு, 1985 முதல் திருகாட்ட என்ற பெயரில் குழுவை ஊர் ஊராக அனுப்பி நாடகம் போடுகிறது. பாக்குத் தோட்டக்காரர்கள் உட்கார்ந்து ஷேக்ஸ்பியர் பார்ப்பார்கள். அங்கே பாடம் கன்னடத்தில், பாப்பாவுக்குப் பேச வரும், எழுத்து கற்கவேண்டும். வீட்டு மொழி ஒரு தகுதியாக மாறுகிற தொழில் வேறு எது, சொல்லுங்கள்? 2012இல் தொடங்கிய கொச்சி பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியில் வந்தவர்களுக்குப் படைப்பை விளக்க இளைஞர்களை எடுப்பதுண்டு, சில மாத வேலை, நல்ல பழக்கம்.

சம்பளம் யார் தருவார் என்பதுதான் உங்கள் நிஜமான பயம், தெரியும். ஆரம்பத்தில் ஐ.டி. சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது, ஒப்பந்த வேலைதான் அதிகம். மியூசியம், அறக்கட்டளை, விழாக் குழுக்கள், பெங்களூர் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் மாதிரி நிதி கொடுக்கும் அமைப்புகள் என்று தேடவேண்டும். 2013 கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேலான கம்பெனிகள், முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கவேண்டும், அந்தப் பட்டியலில் கலை பண்பாடும் இருக்கிறது. அந்தப் பணத்துக்குத் திட்டமும் பட்ஜெட்டும் கணக்கும் எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும். பி.காம். வீண் என்று பாப்பா சொன்னால் இதைக் காட்டுங்கள். பேங்க் பரீட்சைக்கும் ஒரு பக்கம் படிக்கட்டும், நஷ்டம் இல்லை.

அதுவரை அவளுக்கு ஒரு வேலை. இந்த ஆடியில் வண்டி வேடிக்கைக்கு ஒரு நோட்டோடு போய் நாற்பது பேரிடம் பேசட்டும்: கடைசியாக என்ன பார்த்தீர்கள், யாரோடு போனீர்கள், எப்படி வீடு திரும்பினீர்கள். அப்புறம் உங்கள் தெருவிலிருந்து இருபது பேரை ஒரு நிகழ்ச்சிக்கு அழைத்துப் போகட்டும். அடுத்த நிகழ்ச்சிக்கு அழைக்காமலே அதில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணட்டும். மூன்று பேர் வந்தாலும் போதும்.

ஆடி முடிந்ததும் நோட்டோடு அவளை அழைத்து வாருங்கள். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.