ரயிலில் போக பயமாக இருக்கிறது, பைக் வாங்கலாமா?

கேள்வி: ராத்திரியானால் டிவியில் ‘சென்னைக்குப் பயங்கரவாதிகள் குறி’ என்கிறார்கள். தேர்தல் வந்தால் மேடையிலும் அதே பேச்சு. மகன் தினமும் மின்சார ரயிலில் சென்ட்ரல் போகிறான். பயத்தில் பைக் வாங்கித் தரலாமா என்று பார்க்கிறோம். (வாசகி, கொருக்குப்பேட்டை)

பதில்: இதற்காக வாங்காதீர்கள் அம்மா. ரயிலை விட்டு பைக்குக்கு மாறினால் ஆபத்து கூடத்தான் செய்யும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் நிறைய பேர் விமானத்துக்குப் பயந்து காரில் போனார்கள். அடுத்த 12 மாதத்தில் அதனாலேயே ஏறக்குறைய 1,500 பேர் கூடுதலாகச் சாலையில் இறந்தார்கள் என்று உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் கணக்கிட்டார். நம் நாட்டில் 2022இல் மட்டும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நாளொன்றுக்கு 460க்கு மேல்! இதை எந்தச் சேனலும் விடிய விடிய ஓட்டுவதில்லை.

2014 மே 1 அன்று சென்ட்ரலில் நின்ற ரயிலில் குண்டு வெடித்து ஓர் இளம்பெண் இறந்தார். அதை யாரும் மறக்க வேண்டாம். ஆனால் ஒரே புகைக் காட்சியை நாற்பது தடவை காட்டினால், மனசு அதை நாற்பது சம்பவமாக எண்ணிக்கொள்ளும். செய்தி வந்ததும் மூன்றைப் பாருங்கள். சொன்னது காவல்துறையா, பெயரில்லாத ‘வட்டாரமா’? படம் இன்றையதா, பழையதா? நடந்திருப்பது கைதா, தீர்ப்பா? ஊபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை காவலில் வைக்க வழி உண்டு. அதனால் கைதான முகத்தைப் பார்த்ததும் குற்றவாளி என்று முடிவுகட்டாதீர்கள்.

கேள்வி: ‘மண்ணடி ஆட்களுக்கு வீடு தராதீர்கள், உஷார்’ என்று எங்கள் தெரு வாட்ஸ்அப்பில் வருகிறது. மண்ணடியில் முஸ்லிம்கள் அதிகம். உஷாராக இருப்பது தப்பா? (வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் பேரில் 10 பேர் கெட்டவர்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 99 தடவை சரியாகச் சொல்லும் சோதனை ஒன்று உங்களிடம் இருக்கிறது. அது அந்தப் பத்துப் பேரைப் பிடித்துவிடும். கூடவே ஒரு பாவமும் அறியாத சுமார் 1,000 பேரையும் பிடிக்கும். தாடியையும் பெயரையும் பார்த்து முடிவு செய்கிற கண்ணுக்கு அந்த 99கூடக் கிடையாது. வீடு மறுக்கப்படுவது அந்த ஆயிரம் பேருக்குத்தான்.

2018 மே மாதம், ‘பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள்’ என்ற வதந்தியை நம்பி, பக்கத்துப் பழவேற்காட்டில் ஒருவரை அடித்தே கொன்றார்கள். இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பல கை மாறி வந்தது. அதை உங்களோடு நிறுத்துங்கள். அனுப்பியவரிடம் ‘எந்தப் போலீஸ் ஸ்டேஷன், என்ன தேதி?’ என்று குழுவிலேயே கேளுங்கள்.

கேள்வி: கேட்பாரற்ற பை கிடந்தால்? (வாசகர், ராயபுரம்)

பதில்: தொடாதீர்கள், காலால் தள்ளாதீர்கள். ‘யாருடையது?’ என்று ஒருமுறை சத்தமாகக் கேளுங்கள். பெரும்பாலும் யாரோ மறந்த சாப்பாட்டுப் பையாகத்தான் இருக்கும். ஆள் வராவிட்டால் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு விலகுங்கள், கண்ணாடிப் பக்கம் நிற்காதீர்கள். தள்ளிப் போன பிறகு போனை எடுத்து ரயில் என்றால் 139, வெளியே என்றால் 112. எந்தப் பிளாட்பாரம், எந்தத் தூண் என்று சொல்லுங்கள்.

இன்னொன்றையும் வடசென்னைக்காரர்கள் கேட்க வேண்டும். 2015இல் பறிமுதலான சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட் என்ற வெடிக்கக்கூடிய ரசாயனம், 37 கன்டெய்னர்களில் மணலியில் கிடந்தது. 2020 ஆகஸ்டில் லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் இதே ரசாயனம் வெடித்த பிறகுதான் அதை ஐதராபாத்துக்கு அகற்றினார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, மூச்சுத் திணறி ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அப்படி நெடியடித்தால் மூக்கில் ஈரத்துணி கட்டி, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நடங்கள். கண் எரிந்தால் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். ஓட்டுக் கேட்டு வருபவர் பயங்கரவாதம் பற்றிப் பேசட்டும். பேசி முடித்ததும், எங்கள் தெருவுக்குக் கசிவு சைரன் எப்போது வரும், ஒத்திகை எந்த மாதம் என்று கேளுங்கள்.