காட்டுப்பூவை ஆராயப் போகும் மகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முதுகலை வேதியியல் படிக்கும் உங்கள் மகள், மெடோஸ்வீட் என்ற மூலிகைக் காட்டுப்பூவின் ஃபீனாலிக் சேர்மங்களை (தாவரங்களில் காணப்படும் ஒருவகை வேதிப்பொருள்கள்) ஆய்வுக்கு எடுத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். "பூவை ஆராய்ந்தவளுக்கு யார் வேலை தருவார்கள்?" என்ற உங்கள் கேள்வி நியாயமானதுதான். பூவுக்காக யாரும் வேலை தருவதில்லை. அதில் எந்தச் சேர்மம் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து அளந்து, கேட்பவர் முன் அந்த எண்ணுக்குக் கணக்குச் சொல்லத் தெரிந்தவருக்குத் தருகிறார்கள். (பூவையும் இளக்காரமாக எண்ணிவிடாதீர்கள். 1899இல் சந்தைக்கு வந்த ஆஸ்பிரினின் பெயரில் பாதி, இச்செடியின் பழைய தாவரவியல் பெயரான ஸ்பைரியாவிலிருந்து வந்ததுதான்.)

என் கவலை வேறு. இத்தகைய ஆய்வேடுகளில் பல, ஃபீனால்களின் மொத்த அளவை மதிப்பிடும் ஃபோலின் என்ற நிறச் சோதனையோடு நின்றுவிடுகின்றன. சாற்றில் ஃபோலின் கரைசலைச் சேர்த்தால் நீலநிறம் வரும். அதன் அடர்த்தியை 760 நானோமீட்டரை ஒட்டிய அலைநீள ஒளியில் அளந்து, 'மொத்த ஃபீனால்' இவ்வளவு என்று காலிக் அமிலம் என்ற ஃபீனாலோடு ஒப்பிட்ட கணக்கில் எழுதிவிடலாம். ஆனால் வைட்டமின் சி இருந்தாலும் அந்த நீலம் வரும்; அந்த எண் ஃபீனாலை மட்டும் காட்டுவதாகாது. ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய இந்த வேலையை நம்பி நேர்முகத் தேர்வுக்குப் போனால் இரண்டாவது கேள்வியிலேயே திணற வேண்டியிருக்கும்.

சரக்கு இருப்பது, கலவையிலுள்ள சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில். இந்தப் பூவில் ஸ்பைரியோசைடு, ஹைப்பரோசைடு என்று இரு சேர்மங்கள் உண்டு. இரண்டும் குவர்செட்டின் என்ற ஃபீனாலிக் சேர்மத்தோடு ஒரு சர்க்கரை சேர்ந்தவை. மூலக்கூறு நிறையும் ஒன்றே, 464. மூலக்கூறு நிறையை அளக்கும் நிறைமானி காட்டும் எண்ணை மட்டும் வைத்து எது எது என்று சொல்ல முடியாது. சேர்மத்தின் தூய மாதிரியையும் அதே நிலைமைகளில் கருவியில் செலுத்தி, அதுவும் பூச்சாற்றிலுள்ள சேர்மமும் ஒரே நேரத்தில் வெளிவருகின்றனவா என்று ஒப்பிட்டாக வேண்டும். பூவை உலர்த்துவதில் பிசகினாலும் நொதிகள் ஃபீனால்களைச் சிதைத்துவிடும்; பிறகு எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் பயனில்லை. இப்படிச் சந்தேகப்படப் பழகியவர்களைத்தான் மருந்து, உணவு, அழகுசாதன நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுக் கூடங்கள் தேடுகின்றன.

ஆகவே, தலைப்பை மாற்றச் சொல்லி மகளை நெருக்க வேண்டாம். வழிகாட்டும் பேராசிரியரிடம் அவளே சிலவற்றைக் கேட்கட்டும். கருவியில் மாதிரியைத் தன் கையாலேயே செலுத்தலாமா? ஒப்பிடுவதற்கான தூய சேர்மங்கள் ஆய்வகத்தில் இருக்கின்றனவா? செடியை இன்னதென்று உறுதிசெய்து, உலர்மாதிரி ஒன்றைத் தாவரக் காப்பகத்தில் வைப்பது யார்? முதல் கேள்விதான் முக்கியம். "மாதிரியை வெளியே அனுப்பி முடிவை வாங்கிக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், அதே பூவோடு வேறு ஆய்வகம் தேடச் சொல்லுங்கள்.