டூர் பையில நாட்டு மருந்து: எது உள்ள, எது வெளிய

12 நாள் டூர், ரெண்டு ஃபிளைட், நடுவுல நீளமான பஸ் பயணம், கூட பிபி மாத்திரை சாப்பிடற மாமியார், 9 மாசக் குழந்தை. "பை நிறைய இங்கிலீஷ் மருந்து தூக்கிட்டு போக மனசில்ல, இயற்கையா என்னென்ன எடுத்துட்டு போலாம்"னு ஒரு வாசகி கேட்டிருக்காங்க.

மாமியாரோட பிபி மாத்திரைய மட்டும் இந்தக் கணக்குல சேக்காதீங்கம்மா. 12 நாள் டூர்னா 16 நாளைக்கு வர்ற மாதிரி எடுத்து, டாக்டர் சீட்டோட ஹேண்ட் லக்கேஜ்ல வைங்க, செக்-இன் பெட்டி வந்து சேராம போனா ஊர் தெரியாத இடத்துல அந்த மாத்திரைக்கு அலைய முடியாது. மீதிய இப்ப பாப்போம்.

பையில ஒண்ணே ஒண்ணுக்குத்தான் இடம்னா நான் ஓஆர்எஸ் பாக்கெட்டத்தான் வைப்பேன். உப்பும் குளுக்கோஸும்தானே, இதுல என்ன மருந்து இருக்குன்னு தோணும், ஆனா வயித்துப்போக்குல உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் உடம்புல தண்ணியும் உப்பும் வத்திப் போறதாலதான் வருது. வெறும் தண்ணி குடிச்சா போன உப்பு திரும்பி வராது, குளுக்கோஸும் சோடியமும் சரியான அளவுல சேந்து போனாதான் குடல் ரெண்டையும் உள்ள இழுத்து தண்ணியயும் கூடவே இழுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2002ல இந்த அளவ இன்னும் கொஞ்சம் நீர்க்கச் செஞ்சு மாத்தினாங்க, இப்ப பாக்கெட்ல வர்றது அதுதான். பாக்கெட் கிடைக்கலன்னா 1 லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணில, 5 மில்லி ஸ்பூனால தலைதட்டி 6 ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. உப்பு கூடிடக் கூடாது, குத்துமதிப்பா போடவே போடாதீங்க, குழந்தைக்குன்னா பாக்கெட்தான் நல்லது, கூடவே தாய்ப்பால் நிறுத்தாம குடுக்கணும்.

பஸ்ல வாந்தி வர்றவங்களுக்கு இஞ்சி. 1982ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல ஒரு சின்ன ஆய்வு வந்துச்சு, சுழலுற நாற்காலில ஆட்கள உட்கார வெச்சு பாத்தாங்க, இஞ்சிப்பொடி எடுத்தவங்க வாந்தி மாத்திரை எடுத்தவங்கள விட நல்லா தாக்குப்பிடிச்சாங்க, ஆனா அப்புறம் வந்த ஆய்வுகள் எல்லாம் அப்படியே ஒத்துப்போகல. அதனால சிலருக்கு கேக்கும் சிலருக்கு கேக்காதுன்னுதான் நான் சொல்வேன். பச்சை இஞ்சிய விட சுக்குப்பொடி கொண்டுபோக வசதி, சுமார் 1 கிராம், கிளம்புறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி எடுத்துக்கணும், வாந்தி ஆரம்பிச்சப்புறம் எடுத்தா வெளியதான் வரும். முன்சீட்ல உட்காந்து தூரத்துல பாத்துட்டு வர்றது, போன் பாக்காம இருக்கறது, இதுவும் சேந்தாதான் பலன். மாமியார் பிபி மாத்திரையோட ரத்தம் உறையாம இருக்க மாத்திரையும் சாப்பிடறாங்கன்னா இஞ்சி, பூண்டு, மஞ்சள் எதையும் மருந்து அளவுல குடுக்கறதுக்கு முன்னாடி அவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

வயித்துப்போக்குக்கு பயந்துட்டே கிளம்புறோம், ஆனா நிறைய பேருக்கு வர்றது மலச்சிக்கல்தான். தண்ணி கம்மி, உக்காந்தே பயணம், தெரியாத பாத்ரூம்னு அடக்கறது. இசப்கோல் உமி கொஞ்சம் எடுத்துக்கோங்க, ஒரு முழு கிளாஸ் தண்ணில கலந்த உடனே குடிக்கணும், தண்ணி பத்தலன்னா அது தொண்டையிலயோ குடல்லயோ அடைச்சுக்கும். மத்த மாத்திரைக்கும் இதுக்கும் 2 மணி நேரம் இடைவெளி விடுங்க.

தொண்டை கரகரப்புக்கு உப்புத்தண்ணி கொப்பளிச்சாலே போதும், இருமலுக்கு தேன் நல்லாவே கேக்கும். இந்த இடத்துலதான் உங்க குழந்தையையும் மாமியாரையும் நெனச்சு எனக்கு கவலை. தேன் குழந்தைக்கு ஒரு வயசு முடியற வரைக்கும் நாக்குல தொட்டு வைக்கவும் கூடாது, அதுல பொட்டுலிசம் கிருமியோட வித்து இருக்கலாம், பச்சைக்குழந்தை குடல்ல அது வளந்து விஷத்த உண்டாக்கி உடம்பையே தளர வெச்சிடும். அதிமதுரம் மாமியாருக்கு வேணாம், அது உடம்புல உப்பத் தேக்கி பொட்டாசியத்த வெளிய தள்ளி பிபிய ஏத்தும், பிபி மாத்திரை எடுத்தும் பிபி ஏன் ஏறுதுன்னு யாருக்கும் புரியாது. அதே மாதிரி கற்பூரம், மெந்தால் போட்ட தைலம் எதுவும் குழந்தை மூக்குல, நெஞ்சுல தடவாதீங்க. கற்பூரம் கொஞ்சம் உள்ள போனாலே வலிப்பு வரும், டப்பாவ அது கைக்கு எட்டாத இடத்துல வைங்க.

கொசுவுக்கு இயற்கையா நல்லா வேலை செய்யறது எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய், லேபிள்ல பிஎம்டி (PMD)னு போட்டிருக்கணும், கொசுவ விரட்டுற பொருளோட பேர் அது. வாசனைக்கு விக்கிற யூகலிப்டஸ் எண்ணெய் வேற, அத நம்பாதீங்க. 3 வயசுக்கு கீழ இதுவும் கூடாது, குழந்தைக்கு கொசுவலையும் கை கால் மூடின துணியும்தான்.

மலேரியா உள்ள பக்கம் போறீங்கன்னா தடுப்பு மாத்திரைக்கு பதிலா எந்த மூலிகையும் கிடையாது, இதுல நான் விட்டே குடுக்க மாட்டேன். ஆர்ட்டிமிசியா செடில இருந்து மலேரியா மருந்து கண்டுபிடிச்சதுக்கு சீன விஞ்ஞானி து யூயூவுக்கு 2015ல நோபல் குடுத்தாங்க, அப்ப அந்த இலைய கொதிக்க வெச்சு குடிச்சா போதாதான்னு கேக்கறாங்க. டீயில மருந்தோட அளவு கம்மியாவும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரியாவும் வரும், கிருமி சாகாம பழகிக்கும், அதான் உலக சுகாதார நிறுவனமே அத பரிந்துரைக்கறதில்ல.

வெளிநாடுன்னா பையில என்ன இருக்குன்னு இன்னொரு தடவை பாருங்க. கசகசா பேதிக்கு ஆகும்னு எடுத்துட்டு போய் சிங்கப்பூர்லயோ ஐக்கிய அரபு அமீரகத்துலயோ இறங்கினா அது போதைப்பொருள் கேஸு. நியூசிலாந்துக்கு தேன் கொண்டுபோக முடியாது, ஆஸ்திரேலியாலயும் அங்கயும் வேர், விதை, காஞ்ச இலை எல்லாத்தையும் ஃபார்ம்ல எழுதிக் காட்டணும். ஹேண்ட் லக்கேஜ்ல தேன், எண்ணெய், தைலம் பொதுவா 100 மில்லி பாட்டிலுக்கு மேல விடமாட்டாங்க. பொடி எதுவா இருந்தாலும் கடையில வாங்கின லேபிளோட இருக்கட்டும், கவர்ல கட்டின வெள்ளப் பொடிய வெச்சுட்டு செக்கிங்ல விளக்கம் சொல்றது கஷ்டம்.

புதுசா எதையாவது வாங்கினா கிளம்பற ஒரு வாரம் முன்னாடியே வீட்ல சாப்பிட்டு பாத்துடுங்க. மலத்துல ரத்தம், மூச்சு வாங்கறது, 3 நாளைக்கு மேல விடாத காய்ச்சல், மலேரியா இடத்துல இருந்து வந்தப்புறம் எப்ப காய்ச்சல் வந்தாலும் அன்னைக்கே, குழந்தை பால் குடிக்காம துவண்டு கிடந்தாலோ ஆறு மணி நேரமா ஒண்ணுக்கு போகலைன்னாலோ, பையத் திறக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க.