என்.எச். 47 எங்கே போச்சு? ரோடு கிறுக்குப் பிடித்த பையனுக்கு எதைக் காட்டுவது

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு ரோடு என்றால் உயிர். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கிலோமீட்டர் கல்லையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு வருவான். கடைக்கு முன்னால் போகிற ரோடு என்.எச். 47 என்று நான் சொன்னால், இல்லை 66 என்கிறான். இணையத்தில் தேடினால் ஒரு இடத்தில் ஒன்று, இன்னொரு இடத்தில் வேறொன்று. நம் மாவட்டத்து ரோடுகளைப் பற்றி நம்பிப் பார்க்க எங்கே போவது?

பதில்: பையன் சொல்வதுதான் சரி. ஆனால் நீங்கள் சொல்வதும் பொய் இல்லை, பழசு. சேலத்தில் புறப்பட்டு கொச்சி, திருவனந்தபுரம் சுற்றி களியக்காவிளை வழியாகக் கன்னியாகுமரிக்கு வந்த ரோட்டுக்கு 47 என்றுதான் பேர். 2010-ல் நாடு முழுக்க எண்களை மாற்றினார்கள். அதில் 47 இரண்டு துண்டாகிவிட்டது. சேலம்–கொச்சி 544 ஆனது. கொச்சிக்குத் தெற்கே உள்ளது, மும்பைக்குப் பக்கத்தில் பன்வேலிலிருந்து மேற்குக் கரையோரமாக வரும் 66-ஓடு சேர்ந்துகொண்டது. உங்கள் கடை வாசல் இப்போது அந்த 66.

இந்தப் புது எண்ணில் ஒரு கணக்கு இருக்கிறது, பையனுக்குச் சொல்லுங்கள், விடமாட்டான். வடக்கு–தெற்காக ஓடுவதற்கு இரட்டைப்படை எண். கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். கிழக்கு–மேற்காக ஓடுவதற்கு ஒற்றைப்படை. வடக்கிலிருந்து தெற்கே வர வர கூடும். அதனால்தான் கொச்சி–தொண்டி ரோடு 85. மூன்று இலக்கம் என்றால் கிளை ரோடு, கடைசி இரண்டு இலக்கம் தாய் ரோட்டின் எண். நாகர்கோவிலிலிருந்து தோவாளை, ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணற்றுக்குப் போகும் பழைய 47பி இப்போது 944. அதாவது ஸ்ரீநகரிலிருந்து குமரி வரை வரும் 44-ன் கிளை. சேலத்துக்காரர்களின் 544-ம் அதே 44-ன் கிளைதான். ஆக, நம்ம ஆரல்வாய்மொழி ரோட்டுக்கும் கோயம்புத்தூர் வழியாகப் போகிற ரோட்டுக்கும் தாய் ஒன்று!

இனி எங்கே பார்ப்பது என்பதற்கு வருகிறேன். இணையத்தில் எந்த ரோட்டின் பேரைப் பார்த்தாலும், இது எந்த வருஷத்துச் சங்கதி, ரோடு யாருடையது என்ற இரண்டையும் கேட்கப் பழக்குங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். எண் விஷயத்தில் கடைசிப் பேச்சு மத்திய அரசிதழுடையது. இ-கெஜட் தளத்தில் அறிவிக்கைகள் இலவசமாகக் கிடைக்கும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத் தளத்தில் மாநிலவாரியாகப் பட்டியலும் உண்டு. படிக்க உப்புச்சப்பு இருக்காது, ஆனால் சண்டை வந்தால் அதுதான் சாட்சி. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை எல்லாம் தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையின் கையில். கிராமச் சாலைக்கு ‘ஜியோசடக்’ என்ற தளம் இருக்கிறது. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்து ரோடுகளை வரைபடமாகவே இறக்கிக்கொள்ளலாம். பையன் நோட்டில் கல்லின் தலை நிறத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநிலம், ஆரஞ்சு கிராமத் திட்டம்.

அவனுக்கு ரொம்பப் பிடிக்கப்போவது ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இணைய வரைபடம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால் சிலர் அதை நம்பமாட்டார்கள். எனக்கு அதே காரணத்தால்தான் அதில் நம்பிக்கை. ஒரு ரோட்டைத் தொட்டு வரலாற்றைத் திறந்தால், யார் எந்தத் தேதியில் எதை மாற்றினார்கள் என்பது வரிசையாக இருக்கும். இந்திய ரோடுகளை அதில் தரம் பிரித்துத்தான் வரைகிறார்கள், நிறத்தைப் பார்த்தே எந்த வகை என்று சொல்லிவிடலாம். பழைய எண்ணை எழுதவும் தனி இடம் உண்டு. உங்கள் 47-ஐ அங்கே போட்டுக்கொள்ளலாம். தமிழ்ப் பெயருக்கும் இடம் உண்டு, நம் பக்கம் பாதி ஊருக்கு அது இன்னும் காலிதான்.

ஒரு எச்சரிக்கை, என் கதையே. வில்லுக்குறிப் பக்கம் நான்கு வழிச்சாலையில் ஒரு துண்டு திறந்துவிட்டது என்று டீக்கடையில் கேட்டு, அன்று இரவே வரைபடத்தில் திறந்ததாகப் போட்டேன். அடுத்த ஞாயிறு பைக்கில் போய்ப் பார்த்தால் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு லோடு செம்மண், அதன்மேல் ஒரு ஆடு. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக மாற்றினேன். கண்ணால் பார்க்காததை வரையக் கூடாது.

அந்த நான்கு வழிச்சாலை எல்லையில் காரோடு என்ற ஊரில் கேரளாவின் பைபாஸைத் தொட்டு, ஊர்களை விட்டு விலகி வயல், குளம் வழியாக வருகிறது. அது வளர்ந்த கதையைப் பார்க்க கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் ப்ரோவை இறக்கிக்கொள்ளுங்கள், காசு இல்லை. பழைய படங்களுக்கான கடிகாரக் குறியை அழுத்தி வருஷத்தை நகர்த்தினால், பச்சை வயலில் முதலில் ஒரு செம்மண் கோடு விழும், பிறகு அது கறுக்கும். மார்த்தாண்டத்தையும் பார்வதிபுரத்தையும் அப்படியே பாருங்கள். 2019 மார்ச் 1-ல் முறைப்படி அர்ப்பணித்த இரண்டு மேம்பாலமும் தூண் தூணாக எழுவது தெரியும். பெரிய திட்டங்களின் வரைபடமும் சுற்றுச்சூழல் அறிக்கையும் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதித் தளமான ‘பரிவேஷ்’-ல் இருக்கும், பொறுமை வேண்டும்.

பழங்கதை தேடும்போதுதான் நம் மாவட்டத்துக்காரர்கள் வழுக்குவார்கள். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் சென்னை மாகாணத்தில் இல்லை, திருவிதாங்கூர் பக்கம் இருந்தன. அதனால் சென்னை, திருநெல்வேலி ஆவணங்களில் தக்கலை ரோட்டைத் தேடினால் வெறுங்கைதான். திருவிதாங்கூர் என்று தேடுங்கள், கன்னியாகுமரிக்குப் பதில் ‘கேப் கமோரின்’ என்று போடுங்கள், கொட்டும். 1906-ல் வந்த திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல் என்ற விவரத் தொகுப்பு, பழைய புத்தகங்களைச் சேர்த்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் முழுசாகவே கிடக்கிறது. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில் திருவனந்தபுரத்திலிருந்து குமரிக்குப் போட்ட கான்கிரீட் ரோட்டைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேளுங்கள். அந்த ரோடு உங்கள் கடை வழியாகத்தான் போனது.

வரைபடம் வேண்டுமென்றால், அமெரிக்க ராணுவம் 1950-களில் அச்சிட்ட இந்தியத் தாள்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. இன்றைய நிலைக்கு சர்வே ஆஃப் இந்தியாவின் தளத்தில் பதிவு செய்துகொண்டால் 1:50,000 தாள்கள் இலவசம், ஒரு சென்டிமீட்டர் அரை கிலோமீட்டர். தாள்களுக்கு எண் போட்ட பழைய கணக்கில் நம் மாவட்டம் 58 எச் தாளில் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரு வளைவை நிமிர்த்தியபோது ஓரமாக விடப்பட்ட பழைய ரோட்டுத் துண்டு எங்கே கிடக்கிறது என்று பிடித்துவிடலாம். அங்கே நேரில் போனால் சில இடத்தில் சுமைதாங்கிக் கல்லோ வழிப்போக்கர் தங்கிய பழைய வழியம்பலமோ நிற்கும். அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அது இருக்கும் இடத்தை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் குறிக்கச் சொல்லுங்கள். இணையத்தில் இன்னும் ஏறாத சமாச்சாரம் அதுதான்.

குழியைப் பார்த்துப் புகார் சொல்லும் ஆர்வமும் இந்த வயதில் வரும். மாநில நெடுஞ்சாலைத் துறையின் ரோடு என்றால் 2023-ல் வந்த ‘நம்ம சாலை’ செயலி, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற உதவி எண். மாற்றிச் சொன்னால் ‘எங்கள் ரோடு இல்லை’ என்று பதில் வரும்.

கடை போர்டில் என்.எச். 47 என்று இருந்தால் அழிக்க வேண்டாம். பையனிடம் சொல்லி, பக்கத்தில் சின்னதாக 66 என்று எழுதச் சொல்லுங்கள். பைபாஸ் முழுசாகத் திறந்தால் ஊருக்குள் கிடக்கும் பழைய ரோட்டை மாநிலத்திடம் கொடுப்பது வழக்கம், அப்போது அந்த 66-ஐயும் மாற்ற வேண்டி வரலாம். அதனால் பெயிண்டில் வேண்டாம், சாக்பீஸ் போதும்.