உப்பு மாவு ஏன் வெடிக்கிறது?
குழந்தைகளோடு கைவேலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உப்பு மாவில் நட்சத்திரமும் இலையும் செய்து மின்சார அவனில் (oven) வைத்தோம். பாதி வெடித்தது, மீதியில் பெரும்பாலானவை நடுவில் உப்பிக்கொண்டன. தப்பிப் பிழைத்த இரண்டும் மழை நாட்களில் பிசுபிசுக்கின்றன. எங்கே தவறு?

மூன்றும் தனித்தனித் தவறுகள். மேற்புறம் சீக்கிரம் காய்ந்து சுருங்க, உள்ளே இன்னும் ஈரம் இருந்தால் வெடிக்கும். சூடு அதிகமாகி உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியானால் உப்பிக்கொள்ளும். பிசுபிசுப்புக்குக் காரணம் உப்பு. காற்றிலிருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும்.

அளவு இதுதான்: மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் முக்கால் கப்பிலிருந்து 1 கப் வரை. முக்கால் கப்பை முதலில் ஊற்றிப் பிசைந்துவிட்டு, மீதியைத் தேக்கரண்டி தேக்கரண்டியாகச் சேருங்கள். பெரும்பாலும் முழுக் கப் தேவைப்படாது. 8 முதல் 10 நிமிடம் பிசைய வேண்டும். காது மடலைத் தொட்டால் இருக்கும் மென்மைதான் பதம். கல் உப்பு போட்டால் மணிகள் கரையாமல் நின்று, காய்ந்தபின் சின்னக் குழிகளாகத் தெரியும். சோடா சேர்த்த மாவு வேண்டவே வேண்டாம், அது உப்பத்தான் செய்யும்.

அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேயுங்கள். 1 சென்டிமீட்டரைத் தாண்டினால் வெடிப்பு நிச்சயம். கனம் எங்கும் ஒரே மாதிரி இருப்பது முக்கியம்: நடுவில் தடிப்பும் ஓரத்தில் மெலிவுமாக இருந்தால் ஓரம்தான் முதலில் விரியும். ஒரு துண்டின்மேல் இன்னொன்றை ஒட்டும்போது இரண்டு பக்கத்தையும் குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தண்ணீர் தொட்டு அழுத்துங்கள். சும்மா வைத்து அழுத்தினால் காய்ந்ததும் கழன்று விழும். நூல் கோக்கும் துளையை ஈரமாக இருக்கும்போதே உறிஞ்சுகுழலால் போட்டுவிடுங்கள்.

உடனே அவனில் வைக்காமல் ஓர் இரவு வெளியே ஆறவிட்டு, பிறகு 100 டிகிரி செல்சியஸில் 2 முதல் 3 மணி நேரம், பாதியில் ஒருமுறை திருப்பிப்போட்டுக் காயவையுங்கள். அணைத்தபின் உள்ளேயே ஆறட்டும். அவன் இல்லையென்றால் கம்பி வலைமேல் வைத்து, தினம் திருப்பி, 3 முதல் 5 நாள் காற்றில் உலர்த்தலாம். முதல் நாளே வெயிலில் வைத்தால் மறுபடியும் வெடிப்புக் கதைதான்.

நன்றாகக் காய்ந்தபின் வண்ணம் பூசி, முன்னும் பின்னும் ஓரமும் விடாமல் வார்னிஷ் அடித்தால் பிசுபிசுக்காது. அதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் அடித்தால் பின்பக்கம் வழியாக ஈரம் ஏறும். ஏற்கெனவே இளகியது வண்ணம் பூசாததாக இருந்தால் மறுபடி மெல்லிய சூட்டில் உலர்த்திக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை: இந்த மாவில் உப்பு மிக அதிகம். குழந்தை விழுங்கினால் ஆபத்து, வீட்டு நாய்க்கும் அப்படியே. கீழே விழுந்த துண்டுகளைக் கையோடு பொறுக்கிவிடுங்கள்.

கேள்வி: அதே மாவைக் குழந்தை தினமும் விளையாடத் தரலாமா?

தரலாம், ஆனால் மறுநாளே கெட்டியாகிவிடும். விளையாட்டுக்கென்றால் வேகவைத்த மாவுதான் சரி. மைதா 1 கப், தூள் உப்பு அரை கப், தண்ணீர் 1 கப், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, கிரீம் ஆஃப் டார்டார் என்ற புளிப்புத் தூள் 2 தேக்கரண்டி (இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி). எல்லாவற்றையும் அடுப்பில் வைக்கும் முன்பே கட்டியில்லாமல் கரைத்து, குறைந்த தீயில் 3 முதல் 5 நிமிடம் விடாமல் கிளறுங்கள். முதலில் கூழாகும், பிறகு திடீரென்று உருண்டு பாத்திரத்தின் ஓரத்தை விட்டு வரும். அப்போது இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் பிசைய வேண்டும்.

கையில் ஒட்டினால் பலரும் மேலும் மாவைத் தூவுகிறார்கள். அதனால் ஒட்டுவது நிற்காது, மாவுதான் உதிரியாகும். ஒட்டுகிறது என்றால் வேகவில்லை என்று பொருள். இன்னும் ஒரு நிமிடம் அடுப்பில் வையுங்கள். உதிர்ந்தால் வெந்தது அதிகம், சில துளி தண்ணீர் சேர்த்துப் பிசையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் பல வாரம் இருக்கும். புள்ளி விழுந்தாலோ வாடை வந்தாலோ தூக்கி எறிந்துவிடுங்கள்.

கேள்வி: பலூன்மேல் செய்தித்தாள் ஒட்டிக் கிண்ணம் செய்தோம். மூன்றாம் நாள் உள்ளே பூஞ்சை, ஒரே நாற்றம்.

ஒரே நாளில் எத்தனை அடுக்கு ஒட்டினீர்கள் என்பதுதான் கேள்வி. ஆறு அடுக்கையும் ஒரே மூச்சில் ஒட்டினால் வெளியே ஓடு போலக் காய்ந்து, உள்ளே ஈரம் சிறைப்படும். மாவுப் பசை அல்லவா, பூஞ்சைக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. ஒரு நாளைக்கு இரண்டு அடுக்கு, மிஞ்சினால் மூன்று. அது முழுதாகக் காய (சுமார் 24 மணி நேரம், ஈரக் காற்றில் இன்னும் கூட) விட்டுத்தான் அடுத்தது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மொத்தம் 4 முதல் 6 அடுக்கு போதும்.

பசைக்கு 1 கப் மைதாவை 2 கப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் 3 கப் தண்ணீரில் ஊற்றி 2, 3 நிமிடம் கிளறி ஆறவிடுங்கள். 2 மேசைக்கரண்டி உப்பு சேர்த்தால் பூஞ்சை தள்ளிப்போகும், ஆனால் காயவைக்காத குறையை உப்பு தீர்க்காது. தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரத்தில் இழைகள் நீட்டிக்கொண்டிருப்பதால் ஒன்றோடொன்று படிந்து தடம் தெரியாது, வெட்டிய ஓரம் படிக்கட்டு போல நிற்கும். 2, 3 சென்டிமீட்டர் அகலம் வசதி. பசையில் முக்கியதும் இரு விரலிடுக்கில் வழித்துவிட வேண்டும். குழந்தைகள் இந்த வழிக்கும் வேலையைத்தான் மறப்பார்கள், அல்லது இதை மட்டுமே செய்துகொண்டிருப்பார்கள்!

பலூனைப் பற்றி ஒரு மாற்றுக் கருத்து. ஓர் இரவிலேயே காற்று குறைந்து சுருங்கும், தாளும் கூடவே சுருக்கம் விழும். வெடித்த பலூன் துண்டு தொண்டையில் அடைத்தால் எடுப்பதும் கடினம். 8 வயதுக்குக் குறைந்தவர்களிடம் ஊதாத பலூனையோ கிழிந்த துண்டையோ கொடுக்கவே கூடாது. ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி அதன்மேல் ஒட்டுங்கள். காய்ந்ததும் தாளைப் பிடித்து இழுத்தால் கிண்ணம் கழன்று வரும்.

கேள்வி: நான்கு வயது மகளுக்குக் கத்தரிக்கோலே வரவில்லை. தாள் வெட்டுப்படாமல் மடங்குகிறது. இடது கைப் பழக்கம்.

குறை அவளிடம் இல்லை, கத்தரிக்கோலிடம். சாதாரணக் கத்தரிக்கோலில் வலப்பக்க அலகு மேலே இருக்கும். வலது கை விரல்கள் இயல்பாக அழுத்தும்போது இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசி வெட்டும். இடது கையில் பிடித்தால் அதே அழுத்தம் அலகுகளை விலக்கிவிடுகிறது. இடுக்கில் தாள் மடங்கிப் புகுகிறது. வெட்ட வேண்டிய கோட்டையும் மேல் அலகு மறைக்கிறது. இடது கைக்கென்றே அலகு மாற்றிச் செய்த கத்தரிக்கோல் வாங்குங்கள். இரு கைக்கும் பொருந்தும் என்று விற்பவற்றில் பெரும்பாலும் கைப்பிடி மட்டும்தான் பொது, அலகு வலக்கைக்குரியதே.

பிறகு பழக்கும் முறை. மெல்லிய தாள் வேண்டாம், வாழ்த்து அட்டை போல விறைப்பானதை 2 சென்டிமீட்டர் அகல நாடாவாக வெட்டிக் கொடுங்கள். ஒரே ஒரு 'நறுக்'கில் துண்டு விழ வேண்டும். அந்த வெற்றிதான் அடுத்த நறுக்குக்கு இழுக்கும். அது கைவந்தபின் நாடாவை அகலமாக்கி, அதன்பின் தடிமனான நேர்கோடு, பிறகு வளைவு. கட்டைவிரல் மேல்நோக்கி, முழங்கை உடம்போடு ஒட்டி இருக்கட்டும். வட்டம் வெட்டும்போது திரும்ப வேண்டியது தாள், கத்தரிக்கோல் அல்ல. இதைப் பல பெரியவர்களும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கேள்வி: எந்த வண்ணம் கொடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் சேற்று நிறமாகிறது, தாளும் நைந்து ஓட்டையாகிறது.

சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஒரு தாளில் சேர்ந்தால் பழுப்புதான் வரும், யார் கலந்தாலும். எனவே ஒரு தடவைக்கு இரண்டு நிறம், கூட வெள்ளை. மஞ்சளும் நீலமும் கொடுத்தால் என்ன செய்தாலும் பச்சைதான். இன்னொரு நாள் மஞ்சளும் சிவப்பும். சிவப்போடு நீலம் கலந்தால் ஊதா வரும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு ஏமாறாதீர்கள்: ஆரஞ்சுச் சாயல் உள்ள சிவப்பு அழுக்குப் பழுப்பைத்தான் தரும், ரோஜாச் சாயல் சிவப்பு வேண்டும். நிறத்துக்கு ஒரு தூரிகை என்று வைத்துவிட்டால் கழுவும் தண்ணீரே தேவையில்லை, தாள் நைவதும் பாதி நின்றுவிடும்.

மீதிப் பாதி தாளின் கனம். நகல் எடுக்கும் தாள் 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும், ஈர வண்ணத்தைத் தாங்காது. 150 முதல் 200 ஜி.எஸ்.எம். ஓவியத்தாள் வாங்கி, நான்கு ஓரமும் மேசையில் டேப்பால் ஒட்டிவிட்டால் சுருளாது. கெட்டியாகப் பூசிய போஸ்டர் கலர் காய்ந்ததும் செதில் செதிலாக உதிர்ந்தால், அடுத்த முறை ஒரு மேசைக்கரண்டி வண்ணத்துக்கு அரைத் தேக்கரண்டி வெள்ளைப் பசை கலந்து பாருங்கள்.

கேள்வி: பசை புட்டியையே கவிழ்த்துவிடுகிறான்.

புட்டியைக் கொடுக்காதீர்கள். ஒரு மூடியில் தேக்கரண்டி அளவு ஊற்றி, பஞ்சு முனைக் குச்சியால் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். தாளோடு தாளுக்குப் பசைக் குச்சியே போதும்; பொத்தான், துணி, மரக்குச்சிக்குத்தான் வெள்ளைப் பசை. அது நீர் ஆவியாகித்தான் பிடிக்கும், ஆகவே இரண்டு பிளாஸ்டிக் பரப்புகளுக்கு நடுவே எத்தனை நாள் வைத்தாலும் ஒட்டாது.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தை, எல்லாம் வாய்க்குப் போகிறது. இப்போதே கைவேலை தேவையா?

மணி, பொத்தான், ஒட்டுக் கண்கள் எதுவும் இப்போது வேண்டாம். கழிவறைத் தாள்சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழையும் பொருள் எதுவானாலும் மூன்று வயதுக்கு முன் கையில் தராதீர்கள். உடைந்த கிரேயான் துண்டும் இதில் அடக்கம். (நான்கு வயதில் அதே துண்டு நல்லது. சிறியதாக இருப்பதால் விரல்நுனியில்தான் பிடிக்க முடியும்.)

செய்யக்கூடியவை: தடித்த கிரேயானால் பெரிய தாளில் கிறுக்குவது, தாள் கிழிப்பது, தடித்த தூரிகையால் சிமெண்ட் தரையில் வெறும் தண்ணீர் பூசுவது. காய்ந்து மறைவதைப் பார்த்து மறுபடி பூசும். சுத்தம் செய்ய ஒன்றுமில்லை. ஸ்டிக்கர் தருவதானால் பெரியதாகப் பாருங்கள், அவற்றைச் சுற்றியுள்ள வெற்று ஓரத்தை முதலில் உரித்து எடுத்துவிடுங்கள். பிறகு சின்ன விரல்களுக்கு முனை எளிதாகப் பிடிபடும். விரல் வண்ணம் வேண்டுமென்றால் 3 மேசைக்கரண்டி சோளமாவை (கார்ன்ஃப்ளார்) 1 கப் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, ஆறியதும் உணவு நிறம் ஒரு துளி. உப்பு வேண்டாம். குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். உணவு நிறம் துணியில் கறையாகும் என்பதால் பழைய சட்டை போட்டுவிடுங்கள்.

கேள்வி: ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுகிறாள். மீதியை நான்தான் முடிக்கிறேன்.

முடிக்காதீர்கள். மூன்று வயதுக்கு ஐந்து நிமிடம் குறைவே அல்ல. பெரியவர் செய்த மாதிரியை முன்னால் வைத்தால் அதைப் போல வரவில்லையே என்று இன்னும் சீக்கிரம் எழுந்துவிடுவார்கள். காயவைக்கும் நேரம் நடுவில் வரும் வேலைகளை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: இன்று ஒட்டு, நாளை வண்ணம். "இது என்ன?" என்று கேட்பதற்குப் பதில் "இதைப் பற்றிச் சொல்லேன்" என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஜிகினாத் தூள்?

வேண்டாம். கண்ணில் விழும், தரையில் மாதக்கணக்கில் கிடக்கும். மினுங்கும் தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து ஒட்டினால் அதே பளபளப்பு.

கேள்வி: சட்டையில் கிரேயான் மெழுகு, வெள்ளைப் பசை. போகுமா?

பசை காயும் முன் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தால் போய்விடும், காய்ந்துவிட்டால் கஷ்டம். மெழுகை மழுங்கிய கத்தியால் சுரண்டி, துணியின் இருபுறமும் உறிஞ்சும் தாள் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். மெழுகு உருகித் தாளுக்கு ஏறும். தாளை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். எஞ்சிய நிறத்துக்குப் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்து, பத்து நிமிடம் விட்டு அலசுங்கள்.