அப்பாவின் பத்மினி, என் ஹெரால்ட்

அன்புள்ள ஐயா,

நெய்வேலி நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கோவையில் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். 1982-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி இன்னும் எங்கள் ஷெட்டில் நிற்கிறது. ஓட்டுவதும் இல்லை, விற்க விடுவதும் இல்லை. ஞாயிறு தவறாமல் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்பார். உங்கள் தலைமுறைக்கு அந்த வண்டிகள் மேல் ஏன் இத்தனை பாசம்? இளமை நினைவு மட்டும்தானா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா பானெட்டைத் திறந்து நிற்கிறார் என்று படித்ததுமே ஆயிலும் பெட்ரோலும் பழைய ரப்பரும் கலந்த அந்த வாசனை எனக்கு இங்கே அடித்தது.

இளமை நினைவும் உண்டுதான். ஆனால் அது சின்னப் பங்கு. நான் பார்த்த வேலையைச் சொன்னால் உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை தாங்கும். 1961-இல் முதன்முதலாகக் கரி வெளியே தெரிந்தபோதும் அந்த இறைப்புதான் துணை நின்றது. நான் அந்தப் பம்புகளைப் பார்த்துக்கொண்டவன். ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் வந்து கதவைத் தட்டுவது எங்கள் வீட்டில் சாதாரணம்.

1974-இல் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்ட் வாங்கினேன், இரண்டாம் கை. அன்றைக்குப் புது ஃபியட்டுக்குப் பணம் கட்டினால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஹெரால்ட் நம் வண்டலூரில் செய்த வண்டி. அதில் எனக்கு இன்றும் அலுக்காத விஷயம் அதன் முன்பக்கம். இரண்டு மட்கார்டும் பானெட்டும் ஒரே துண்டாக முன்னால் கவிழும். 948 சிசி எஞ்சின் முழுசாக வெளியே வந்து நிற்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு சாவகாசமாக வேலை பார்க்கலாம். 25 அடி இடம் இருந்தால் ஒரே ஒடிப்பில் திரும்பிவிடும். சுரங்கத்துச் செம்மண் பாதையில் எதிரே லாரி வந்தால் அதன் அருமை தெரியும்.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி ஆள் வந்து தட்டினார். ஒரு பம்பின் சத்தம் சரியில்லையாம். வண்டியோ கிளம்பவில்லை. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம். மனைவி பழைய நூல் புடவையில் ஒரு துண்டைக் கிழித்துத் தந்தாள். மூடியைக் கழற்றி உள்ளே துடைத்தேன். உள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் பாயின்டில் படிந்திருந்த கருப்பை உப்புத்தாளால் லேசாக இழுத்துவிட்டு, இடைவெளி சரியா என்று 0.015 அங்குல கேஜை நுழைத்துப் பார்த்து மூடினேன். என் பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. தூக்கக் கலக்கத்தோடு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த தடவையே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பம்புக்குப் போனதும் ஸ்க்ரூடிரைவர் முனையை பேரிங் கூட்டின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டேன். நல்ல பேரிங் தம்பூரா மாதிரி ஒரே சுருதியில் இருக்கும். தேய்ந்தது மணலை மெல்லுவதுபோல் கரகரக்கும். அன்று கேட்டது கரகரப்பு. விடிவதற்குள் மாற்றினோம்.

சில மாதம் கழித்து ஹெரால்டின் வாட்டர் பம்பில் அதே கரகரப்பு கேட்டது. யாரிடமும் காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை போர்ட்டிகோவில் நானே பிரித்து மாட்டினேன். ராத்திரி பம்பில் பழகிய காது பகலில் காருக்கு உதவியது. காரில் பழகிய விரல் பம்புக்கு உதவியது. எனக்கு இரண்டும் ஒரே வேலைதான் அம்மா. உங்கள் அப்பாவும் ஸ்பின்னிங் ஃப்ரேமின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லியிருப்பார், கேட்டுப் பாருங்கள். பத்மினியின் அந்த 1089 சிசி எஞ்சின் முன்னால் நிற்கும்போது அவர் பார்ப்பது தான் கற்ற தொழிலை.

வாடகை அம்பாசிடரையும் நன்றியோடு நினைக்கிறேன். கத்திரி வெயிலில் சென்னையிலிருந்து பேரிங் பெட்டிகளை டிக்கி நிறைய ஏற்றி வருவோம். அந்தச் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி எஞ்சின் நின்றுவிடும். திண்டிவனம் பக்கம் புளியமர நிழலில் நிறுத்தி, எஞ்சினோடு இருக்கும் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, பத்து நிமிஷம் டிரைவரோடு பேசிக்கொண்டிருப்பேன். அவருடைய நான்கு பிள்ளைகளின் படிப்பும் எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை மறுபடி கிளப்ப நினைத்தால் டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை முதலில் இறக்கிவிடுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பரை அது ஊற வைத்துக் கெடுத்துவிடும். பெட்ரோல் ஹோஸ்களையும் பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வையும் எத்தனால் தாங்கும் வகையாகப் பார்த்து மாற்றுங்கள். பிரேக் ஆயிலையும் மாற்றுங்கள். ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிறு அப்பா பானெட்டைத் திறக்கும்போது நீங்கள் டிரைவர் சீட்டில் உட்காருங்கள். கியர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும், நியூட்ரலில் போட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று அவர் சொல்வார். அவர் "இப்போ" என்றதும் சாவியைத் திருப்புங்கள்.